முகாம் முடிகிறது, வீடு முடியவில்லை

பேரிடரில் இடிந்த வீடுகளைச் சீரமைக்கச் செல்லும் மாணவர்களின் உழைப்பு உருப்படியாகிறதா என்பது எப்போது தெரியும்? ஊருக்குக் கிளம்பும் முன் வரும் கடைசி இரண்டு நாளில் தெரியும் என்கிறது கத்ரீனா புயலுக்குப் பிந்தைய நியூ ஆர்லியன்ஸ்.

அமெரிக்கக் கல்லூரிகளில் மார்ச் மாதவாக்கில் ஒரு வாரம் வசந்தகால விடுமுறை விடுவார்கள். கத்ரீனா புயலுக்கு மறு ஆண்டான 2006 முதல், அந்த வாரத்தைக் கடற்கரையில் கழிக்காமல் நியூ ஆர்லியன்ஸில் வீடு செப்பனிடப் போன மாணவர்கள் ஆயிரக்கணக்கானோர். அந்தப் பயணங்களின் நினைவாக மிஞ்சியிருக்கும் படங்கள் பெரும்பாலும் கடைசி நாளில் எடுத்தவை. பெயிண்ட் தெறித்த சட்டைகளோடு வாசற்படியில் ஒரு கூட்டம், நடுவில் கண் கலங்கிய வீட்டுக்கார அம்மாள், பின்னால் அந்த வீடு. படத்தில் பொய் ஏதுமில்லை. ஆனால் பின்னால் நிற்கும் வீட்டை உற்றுப் பார்த்தால் வேலை பாதியில் நிற்பது தெரியும். ஒரு அறையில் பட்டி பார்த்திருக்கும், அடுத்த அறையில் பலகைகூட அடித்திருக்காது. மாணவர்களின் வாரம் முடிந்துவிட்டது, வீட்டின் வேலை முடியவில்லை. பாதியில் நிற்கும் அந்த வேலையை அடுத்து வருபவர் கையில் எப்படிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்பதுதான், அந்தப் பயணம் உதவியா உபத்திரவமா என்பதைத் தீர்மானிக்கிறது. வாரம் முழுக்கச் சிந்திய வியர்வையைக் காப்பாற்றுவதும் வீணாக்குவதும் கடைசி இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளையும் விடைபெறுவதற்கான நாள்களாக மட்டும் வைத்திருப்பதே மாணவர் முகாம்களின் பெரிய பலவீனம்.

நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது காற்றோ மழையோ மட்டுமல்ல. நகரத்துக் கால்வாய்களின் கரைகளும் வெள்ளத் தடுப்புச் சுவர்களும் பல இடங்களில் உடைந்தன. நகரத்தின் சுமார் 80 சதவீதப் பரப்பு தண்ணீருக்குள் போனது. பல இடங்களில் அந்தத் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. தொழில் கால்வாயின் சுவர் உடைந்த வேகத்தில் லோயர் நைன்த் வார்டு பகுதியின் வீடுகள் அஸ்திவாரத்தை விட்டே நகர்ந்தன. கறுப்பின உழைக்கும் மக்கள், பலரும் சொந்த வீட்டோடு, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பகுதி அது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே சுமார் 14 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2010 கணக்கெடுப்பில் 3 ஆயிரம் பேர்கூட இல்லை. நகரத்தின் மொத்த மக்கள்தொகையே அந்தப் பத்தாண்டில் 4 லட்சத்து 84 ஆயிரத்திலிருந்து 3 லட்சத்து 43 ஆயிரமாக இறங்கியது. ஒரு வீட்டைச் சரிசெய்வது என்றால் ஒரு குடும்பம் ஊர் திரும்புவதற்கு வழி செய்வது. அதனால்தான் அந்த வேலைக்கு இத்தனை கனம்.

மாணவர்கள் தேவைப்பட்டதற்கும் தெளிவான காரணம் உண்டு. அந்த ஊரின் பழைய வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தால் ஆனவை. சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்து, இடையில் வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சைத் திணித்திருப்பார்கள். தண்ணீரில் நின்ற பலகையும் பஞ்சும் ஊறிப்போய்ச் சுவர் முழுக்கப் பூஞ்சை ஏறிவிட்டது. இப்படிப்பட்ட வீட்டில் முதல் வேலை எல்லாவற்றையும் வெளியே எடுப்பது. அழுகிய மெத்தை, கெட்டுப்போன உணவோடு இருக்கும் குளிர்பதனப் பெட்டி, தரைவிரிப்பு, பலகை, பஞ்சு, ஆணி என்று மரச்சட்டம் மட்டும் மிஞ்சும்வரை உரித்தெடுக்க வேண்டும். கடப்பாரையும் தள்ளுவண்டியும் முகக்கவசமும் இருந்தால் பயிற்சி இல்லாதவர்களும் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் ஒப்பந்தக்காரரிடம் விட்டால் ஆயிரக்கணக்கான டாலர் கேட்பார். வெள்ளச் சேதம் சாதாரண வீட்டுக் காப்பீட்டில் அடங்காது என்று நிறுவனங்கள் கையை விரித்த நேரம் அது. காசில்லாத குடும்பத்துக்கு இருபது மாணவர்களின் ஒரு வார உழைப்பு உண்மையாகவே பெரிய தொகை.

வீட்டின் கணக்கு வேறு, கல்லூரியின் கணக்கு வேறு

சிக்கல் அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. உரித்தெடுத்த வீட்டுக்கு உடனே புதுச் சுவர் அடித்துவிட முடியாது. மரச்சட்டம் உலர வேண்டும், பூஞ்சைக்கு மருந்தடிக்க வேண்டும், ஈரமானியால் அளந்து பார்க்க வேண்டும். பிறகு மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் போட உரிமம் பெற்றவர்கள் வர வேண்டும். அவர்கள் முடித்ததை நகராட்சி ஆய்வாளர் வந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே சுவரை மூடலாம். மூடிய பின் பலகைகளின் இணைப்பில் நாடா ஒட்டிப் பட்டி இழுக்க வேண்டும். ஒரு தடவை இழுத்தால் போதாது. வழக்கமாக மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், நியூ ஆர்லியன்ஸின் ஈரக்காற்றில் அதற்கு மேலும் ஆகும். காய்ந்ததை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி இழுக்க வேண்டும். அதன் பிறகுதான் பெயிண்ட், தரை, கதவு, ஓரச்சட்டம் எல்லாம். அவசரப்படுத்தினாலும் மாதக்கணக்கில் ஆகும் வேலை. மாணவர் குழுவுக்கு இருப்பதோ ஐந்து வேலை நாள். எந்தக் குழுவும் ஒரு வீட்டின் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்துப் பார்க்க வாய்ப்பே இல்லை. அவர்களுடைய வெள்ளிக்கிழமை வீட்டுக்கு எப்போதும் நடுநாள்தான்.

இந்த உண்மையை ஏற்றுக்கொள்ளாத முகாமில் கடைசி இரண்டு நாள் கெடுதலாக மாறும். வியாழக்கிழமை மதியம் குழுவுக்குள் ஒரு பதற்றம் தொற்றிக்கொள்கிறது. இவ்வளவு தூரம் வந்தோம், எதையாவது முடித்துக் காட்ட வேண்டாமா என்ற நியாயமான ஆசைதான் அது. ஆனால் அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் காயாத பட்டியின் மேல் அடுத்த பூச்சு ஏறும், தேய்க்காத சுவரில் பெயிண்ட் ஏறும், அளவு பார்க்காமல் ஓரச்சட்டம் வெட்டப்படும். அன்று மாலைப் படத்தில் எல்லாம் அழகாகவே இருக்கும். சில வாரங்களில் இணைப்புகளில் வெடிப்புக் கோடு தெரியும், பெயிண்ட் உரியும். அதைப் பெயர்த்தெடுத்து மறுபடி செய்வது புதிதாகச் செய்வதைவிட நேரமெடுக்கும். அந்த நேரம் அடுத்த குழுவின் கணக்கில் போகும். பாதியில் விட்ட சுவரை யாரும் தொடரலாம். தப்பாக முடித்த சுவரை முதலில் உடைக்க வேண்டும். எனவே முகாமின் கடைசி நாள்களில் புது வேலையைத் தொடங்காமல் இருப்பதற்கு, வாரத் தொடக்கத்தில் வேலையில் இறங்குவதைக் காட்டிலும் அதிக ஒழுக்கம் வேண்டும்.

வேகம் எங்கிருந்து வந்தது

இது வெறும் யூகமாக நிற்கவில்லை. நியூ ஆர்லியன்ஸிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. வாஷிங்டனிலிருந்து உதவிக்கு வந்த லிஸ் மெக்கார்ட்னி என்ற ஆசிரியரும் ஜாக் ரோசன்பர்க் என்ற வழக்கறிஞரும், நகரத்தை ஒட்டிய செயின்ட் பெர்னார்டு வட்டாரத்தில் 2006-இல் ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். செயின்ட் பெர்னார்டு புராஜெக்ட் என்று பெயர், இன்று எஸ்.பி.பி. என்ற பெயரில் அமெரிக்காவின் பல பேரிடர்ப் பகுதிகளில் இயங்குகிறது. ஆண்டு முழுக்க மாறி மாறி வரும் தன்னார்வலர்களை வைத்தே வீடு கட்டும் அமைப்பு அது. சில ஆண்டுகள் கழித்து டொயோட்டா நிறுவனத்தின் உற்பத்தி வல்லுநர்கள் அதன் வேலைமுறையை ஆராய்ந்தார்கள். அவர்கள் ஆளைக் கூட்டச் சொல்லவில்லை. கார் தொழிற்சாலையில் செய்வதைத்தான் செய்தார்கள். எந்த வீட்டில் எந்த வேலை எந்த நிலையில் நிற்கிறது என்பதை எல்லோர் கண்ணிலும் படும்படி பலகையில் எழுதவைத்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே முறையை வகுத்தார்கள், எங்கே வேலை தேங்குகிறது என்று தேடினார்கள். அந்த ஒத்துழைப்புக்குப் பின் ஒரு வீட்டுக்கு ஆன காலம் 116 நாளிலிருந்து 61 நாளாகக் குறைந்தது.

இந்தக் கணக்கைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். மாணவர்களின் உற்சாகம் முன்பும் பின்பும் ஒன்றுதான். அவர்களுடைய திறமை ஒரே இரவில் கூடிவிடவில்லை. காலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்றால், முன்பு வீணான நாள்களில் பெரும்பகுதி ஒரு கைக்கும் மறு கைக்கும் இடையே போனது என்றுதான் பொருள். போனவர்கள் விட்ட இடம் வருபவர்களுக்குத் தெரியாத நாள், பலகை வந்துசேராததால் வேலை நின்ற நாள், முன்பு செய்ததைச் சரிபார்ப்பதிலேயே கழிந்த நாள் எல்லாம் சேர்ந்துதான் அந்த 116. இதே அமைப்பு இன்னொன்றையும் புரிந்துகொண்டது. ஒரு வாரத்துக்கு வருபவர்களை வழிநடத்த, பல மாதம் தங்கும் ஒருவர் வேண்டும். அமெரிக்க அரசின் அமெரிகார்ப்ஸ் திட்டத்தில் சிறு உதவித்தொகையோடு ஓராண்டளவு பணியாற்றும் இளைஞர்களை அது தளங்களின் பொறுப்பாளர்களாக வைத்தது. குழுக்கள் வந்து போகும், வீட்டின் கதை அந்தப் பொறுப்பாளரிடம் இருக்கும். கடைசி நாளில் ஒப்படைப்பதற்கு எதிரே ஒரு ஆள் இருப்பது அவ்வளவு முக்கியம்.

எழுதிவைப்பதற்குப் பணமதிப்பும் உண்டு. அமெரிக்கப் பேரிடர் நிவாரண விதிகளின்படி, மத்திய அரசின் உதவியோடு நடக்கும் சில பணிகளில் உள்ளூர் நிர்வாகம் தன் பங்காக ஒரு தொகையைச் செலுத்த வேண்டும். தன்னார்வலர்களின் உழைப்பு மணிநேரத்தை மதிப்பிட்டு அந்தப் பங்கில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் யார், எந்த இடத்தில், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று பதிவேட்டில் இருந்தால்தான் அது செல்லும். நம் பொதுப்பணித் துறையில் அளவுப் புத்தகத்தில் ஏறாத வேலைக்குப் பில் போட முடியாது என்பதைப் போன்ற விதிதான். வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் அரைமணி நேரம், ஒரு அறைக்குப் பெயிண்ட் அடிக்கும் அரைமணி நேரத்தைவிட அந்த ஊருக்கு லாபமாக இருக்கக்கூடும்.

சுவருக்குள் மறைந்த தகவல்

ஒப்படைப்பு என்பது மிச்ச வேலையின் பட்டியலோடு முடிவதில்லை. செய்த வேலையின் விவரமும் சேர்ந்ததுதான் ஒப்படைப்பு. இதற்கு நியூ ஆர்லியன்ஸ் கொடுத்த விலை பெரியது. கத்ரீனாவுக்குப் பின் ஜிப்சம் பலகைக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டுச் சீனாவிலிருந்து ஏராளமாக இறக்குமதி செய்தார்கள். அவற்றில் ஒரு பகுதி கந்தக வாயுவை வெளியிட்டது. வீட்டுக்குள் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது, செம்புக் கம்பிகள் கறுத்தன, குளிர்சாதனக் கருவிகள் அடுத்தடுத்துப் பழுதாயின. விஷயம் 2009 வாக்கில் பெரிதாக வெடித்தபோது, அரும்பாடுபட்டுத் திரும்பி வந்த குடும்பங்கள் மறுபடி சுவரை முழுக்கப் பெயர்க்க நேர்ந்தது. தன்னார்வலர்களின் உழைப்பில் எழுந்த வீடுகளும் தப்பவில்லை. ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பு, இசைக்கலைஞர்கள் ஹாரி கானிக் ஜூனியர், பிரான்ஃபோர்டு மர்சாலிஸ் ஆகியோரின் யோசனையில் உருவாக்கிய இசைக்கலைஞர் குடியிருப்பில் 72 தனிவீடுகள் எழுந்தன. அங்கும் இந்தப் பலகை கண்டுபிடிக்கப்பட்டது. பலகையைத் தயாரித்தவர் யார் என்ற முத்திரை அதன் முதுகில் இருக்கும். சுவரில் அடித்துப் பெயிண்ட் பூசிவிட்டால் உடைத்துப் பார்க்காமல் தெரியாது. எந்த அறைக்கு எந்தப் பலகை போனது என்று அடிக்கும்போதே ஒரு வரி எழுதி, மூடும் முன் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால், தேடும் வேலையாவது மிச்சமாகியிருக்கும்.

அதே நகரத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நடிகர் பிராட் பிட் 2007-இல் தொடங்கிய மேக் இட் ரைட் அமைப்பு, லோயர் நைன்த் வார்டில் 150 வீடுகள் கட்டுவதாகச் சொன்னது. புகழ்பெற்ற கட்டட வடிவமைப்பாளர்கள் வரைந்த, சுற்றுச்சூழலுக்கு உகந்த, வண்ண வண்ண வீடுகள் 109 எழுந்தன. பல வீடுகளின் தட்டையான கூரையும் ஒடுக்கமான இறவாரமும் அந்த ஊர் மழைக்குத் தாங்கவில்லை. நீண்டகால உத்தரவாதத்தோடு வந்த புதுவகை மரம் சில ஆண்டுகளிலேயே உளுத்துப்போனது. 2018-இல் குடியிருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அது மாணவர் முகாம் அல்ல, பணத்துக்கும் அங்கே பஞ்சமில்லை. இருந்தும் சாவி கொடுத்த நாளுக்குப் பிறகு பழுதுக்கு யார் பொறுப்பு என்பதற்குப் போதிய ஏற்பாடு இல்லாமல் போனது. சாவி கொடுக்கும் விழா கொடுப்பவருக்கு முடிவாக இருக்கலாம். வாங்குபவருக்கு அன்றுதான் வீடு தொடங்குகிறது. பேரும் புகழும் பணமும் கொண்ட அமைப்புக்கே இந்தக் கதி என்றால், ஒரு வாரத்துக்கு வரும் மாணவர் குழு எழுத்தில் எதையும் விட்டுச் செல்லாமல் கிளம்புவது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் எங்கே?

கடைசி நாளில் கண் கலங்கி நிற்கும் வீட்டுக்காரருக்கு அடுத்த திங்கட்கிழமை என்ன நடக்கிறது என்பதைப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. லூசியானா மாநிலம் வீட்டு உரிமையாளர்களுக்காக நடத்திய ரோடு ஹோம் திட்டம் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு 900 கோடி டாலர் அளவுக்கு வழங்கியது. ஆனால் புயலுக்கு முந்தைய வீட்டு மதிப்பு, சீரமைப்புச் செலவு இரண்டில் எது குறைவோ அதை வைத்தே தொகையைக் கணக்கிட்டார்கள். ஒரே அளவு, ஒரே சேதம் என்றாலும், கறுப்பினத்தவர் பகுதியில் வீட்டு மதிப்பு குறைவு என்பதால் கிடைத்த பணமும் குறைவு. இதை எதிர்த்து 2008-இல் தொடுத்த வழக்கு 2011-இல் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் பலர் நம்பிக்கை இழந்திருந்தார்கள். பாட்டன் பெயரில் இருக்கும் வீட்டுக்குப் பத்திரம் மாற்றாததால் விண்ணப்பிக்கவே முடியாமல் போனவர்கள் உண்டு. முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்த ஒப்பந்தக்காரர்களிடம் ஏமாந்தவர்களும் ஏராளம். இப்படி வாக்குறுதிகளால் நொந்தவரிடம், வெள்ளிக்கிழமை மாலை உணர்ச்சி மேலிட்டு “அடுத்த மாதம் மறுபடி வருவோம், முடித்துத் தருவோம்” என்று ஒரு மாணவர் சொல்வது எளிது. அந்தச் சொல்லை நம்பி அவர் வாடகை வீட்டைக் காலிசெய்தால்? காப்பாற்ற முடியாத வாக்குறுதியைக் கொடுக்காமல் இருப்பதும் ஒப்படைப்பில் அடக்கம். எந்த வேலை முடிந்தது, எது மிச்சம், அதை யார் செய்வார்கள், தாமதமானால் யாரைக் கேட்பது என்று வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து சொல்லி, அதை அவர் கையில் எழுத்தில் கொடுத்துவிட்டுக் கிளம்புவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

ஆட்சேபங்கள் மூன்று

முதல் ஆட்சேபம் பலமானது. மாணவர்களின் பயணச் செலவைப் பணமாக அனுப்பியிருந்தால் அந்தக் குடும்பமே தேர்ந்த ஆளை வைத்து வீட்டை முடித்துக்கொள்ளாதா? பல சூழல்களில் இது சரியான வாதம். வேலையற்ற கொத்தனார்களும் தச்சர்களும் நிறைந்த ஊருக்குப் பயிற்சியற்ற மாணவர்களை அனுப்புவது கூலியைப் பறிப்பதுதான். குஜராத்தில் 2001 நிலநடுக்கத்துக்குப் பின் பெரும்பாலான குடும்பங்கள் அரசின் பணத்தையும் பொறியாளரின் ஆலோசனையையும் பெற்றுத் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டன. அது உலக அளவில் நல்ல முன்மாதிரியாகப் பேசப்படுகிறது. ஆனால் 2006-இல் நியூ ஆர்லியன்ஸின் நிலை வேறு. பாதிக்கு மேல் ஊர் காலி. ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தவரை நம்ப முடியவில்லை, பணம் கையில் வர மாதங்கள் ஆயின. நகரத்தைச் சுத்தம் செய்யக் குவிந்த புலம்பெயர் தொழிலாளர்களில் பலர் கூலி கிடைக்காமல் ஏமாற்றப்பட்டார்கள். அரசு ஒப்பந்தப் பணிகளுக்கு வட்டாரக் கூலி விகிதத்தை உறுதிசெய்யும் சட்டத்தையே அதிபர் புஷ் 2005 செப்டம்பரில் நிறுத்திவைத்தார். எதிர்ப்பு வலுத்த பின் நவம்பரில் திரும்பக் கொண்டுவந்தார். இலவச உழைப்பால் கூலி குறைந்தது என்பதைவிட, கூலி கொடுக்கக் காசில்லாத வீட்டுக்கு இலவச உழைப்பு போனது என்பதே அங்கே பெரும்பாலும் உண்மை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயணத்துக்குச் செலவானது பயணத்தோடு வரும் பணம். பயணத்தை ரத்துசெய்தால் அத்தனையும் நன்கொடையாக மாறிவிடும் என்று நினைப்பதற்கில்லை.

இரண்டாவது ஆட்சேபம்: தொழில் தெரியாதவர்களை வீடு கட்டும் வேலையில் விடுவதே தவறு, கடைசி நாளில் காகிதம் கொடுப்பதால் சுவர் நேராகிவிடுமா? ஆகாதுதான். ஆனால் தொழில் தெரியாதவர் செய்யும் தவறைக் கண்டுபிடிக்க ஒப்படைப்பைவிட நல்ல சோதனை இல்லை. வேலையை இன்னொருவருக்கு விளக்கிக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் வந்தவுடன், விடுபட்ட ஆணியும் கோணலான இணைப்பும் தாமே கண்ணில் படும். பொறுப்பாளர் அறை அறையாக வந்து பார்க்கும்போது, “இது இன்னும் காயவில்லை, விடுங்கள்” என்று சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும். மின்சாரம், குழாய், கூரை போன்றவற்றில் பயிற்சி இல்லாத மாணவர்கள் கை வைக்கக் கூடாது என்பதில் மாற்றுக் கருத்தில்லை. உரிப்பது, துடைப்பது, தேய்ப்பது, பூசுவது, கணக்கு எழுதுவது ஆகியவற்றில் அவர்கள் பயன்படுவார்கள், கூடவே தெரிந்தவர் ஒருவர் இருந்தால்.

மூன்றாவது ஆட்சேபம் உணர்வைச் சார்ந்தது. இது இளைஞர்களின் மனம் விரியும் பயணம். விடைபெறும் நேரத்தில் பட்டியலும் பதிவேடுமாக உட்காரவைத்து அந்த அனுபவத்தைக் காயப்போட வேண்டுமா? மாணவர் மனமாற்றம் சின்ன விஷயம் அல்ல. வெள்ளத்தால் 2005 இலையுதிர்காலப் பருவத்தில் மூடிக்கிடந்த நியூ ஆர்லியன்ஸின் டூலேன் பல்கலைக்கழகம், மறு ஆண்டிலேயே இளநிலைப் பட்டத்துக்குப் பொதுச்சேவையைக் கட்டாயமாக்கியது. வேலைக்கு வந்து அந்த ஊரிலேயே தங்கிவிட்ட இளைஞர்களும் உண்டு. ஆனால் ஒருவருடைய இழப்பு மற்றவருக்குப் பாடப்புத்தகமாக மட்டும் ஆகிவிடக் கூடாது. நல்ல ஒப்படைப்பே நல்ல பாடமும்கூட. நான் தொடங்கியதை இன்னொருவர் முடிப்பார், இன்னொருவர் தொடங்கியதைத்தான் நான் தொட்டேன் என்று ஒரு இருபது வயதுக்காரர் உணர்வது, தான் ஒரு வீட்டைக் கட்டிக்கொடுத்துவிட்டதாக எண்ணிக் கிளம்புவதைவிட உண்மையானது. அழட்டும், கட்டிக்கொள்ளட்டும், படம் எடுத்துக்கொள்ளட்டும். பட்டியலை முடித்துவிட்டுச் செய்யட்டும் என்பதுதான் கோரிக்கை.

நம் முகாம்களுக்கு

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40 ஆயிரம் மாணவர்களோடு தொடங்கியது. இரண்டாண்டில் 240 மணி நேரச் சேவையும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் நடைமுறை. 2004 சுனாமி, 2015 சென்னை வெள்ளம், 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா என்று ஒவ்வொரு பேரிடரிலும் தமிழ்நாட்டு மாணவர்கள் தார்ப்பாயும் அரிசியுமாக முன்னால் நின்றிருக்கிறார்கள். நம் ஊரில் செங்கல் வைக்கவும் கூரை போடவும் ஆள் இருக்கிறது; அந்த வேலை கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலியோடு போக வேண்டும். மாணவர்கள் செய்யக்கூடியவை வேறு. சேறு அள்ளுவது, சேதத்தைக் கணக்கெடுப்பது, நிவாரண விண்ணப்பம் எழுதித் தருவது, பட்டா, குடும்ப அட்டை நகல் எடுக்க உதவுவது. தொழிற்பயிற்சி நிலைய மாணவர்கள் என்றால் மின்னிணைப்பையும் மோட்டாரையும் சரிபார்ப்பது. 2018 கேரள வெள்ளத்தில் அம்மாநில மாணவர்கள் அதைச் செய்துகாட்டினார்கள். சுனாமிக்குப் பின் கடலோரத்தில் தொண்டு நிறுவனங்கள் கட்டிக்கொடுத்த காங்கிரீட் வீடுகளில் சில ஆண்டுகளிலேயே கசிவும் விரிசலும் தலைகாட்டின. கட்டிக் கொடுத்ததைத் திரும்ப வந்து பார்த்துப் பதிவுசெய்ய ஆள் இல்லை என்பதே அங்கும் குறை. மாணவர் படைக்கு ஏற்ற வேலை அது.

நம் திட்டத்தில் அமெரிக்க முகாம்களுக்கு வாய்க்காத ஒரு வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு அலகும் ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து மறுபடி மறுபடி அங்கே போகலாம். ஆனால் ஏழாம் நாள் நிறைவு விழாவோடு கோப்பு மூடப்படுகிறது. அடுத்த ஆண்டு முகாம் வேறு திட்ட அலுவலர், வேறு மாணவர்கள், வேறு பேனரோடு புதிதாகத் தொடங்குகிறது. இதை மாற்றக் கூடுதல் நிதியோ புது அரசாணையோ வேண்டாம். ஐந்தாம் நாள் மதியத்துக்குப் பிறகு புதிதாக எதையும் தொடங்குவதில்லை என்று முடிவெடுத்தால் போதும். ஆறாம் நாள் முழுவதையும் ஒப்படைப்புக்கு ஒதுக்கலாம். வீடுவாரியாகச் செய்த வேலை, மிச்ச வேலை, போட்ட பொருள், எடுத்த படம், கொடுத்த விண்ணப்பங்களின் எண்கள், பொறுப்பேற்கும் உள்ளூர்க்காரரின் கையெழுத்து எல்லாம் ஒரு நோட்டில் ஏற வேண்டும். ஒரு பிரதி ஊராட்சி அலுவலகத்துக்கு, ஒன்று கல்லூரிக்கு, அந்தந்த வீட்டுப் பக்கம் அந்தந்த வீட்டுக்காரருக்கு. அடுத்த ஆண்டு முகாமின் முதல் நாள் மாலையணிவிக்கும் நிகழ்ச்சியை ஒத்திவைத்து, சென்ற ஆண்டு நோட்டைப் பிரித்து வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

முகாம் அறிக்கையில் எத்தனை மாணவர்கள், எத்தனை மரக்கன்றுகள், எந்தச் சிறப்பு விருந்தினர் என்ற விவரங்களோடு இனி ஒரு பத்தியும் சேரட்டும்: நாங்கள் முடிக்காமல் விட்டவை, அவற்றை ஏற்றுக்கொண்டவர்கள். அந்தப் பத்தி இல்லாத அறிக்கையில் கல்லூரி முதல்வர்கள் கையெழுத்திடக் கூடாது. முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும், திரும்பி வருபவர்களிடம் என்ன செய்தாய் என்று கேட்கும்போது, யாரிடம் ஒப்படைத்தாய் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.